எதுக்கும் இருக்கட்டும்

இடது பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைத் தட்டுகிறாள். அதே எண்ணை வலது பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் தட்டுகிறாள். இரண்டு பிரிண்டர்களும் ஆளுக்கொரு சீட்டைக் கிர்ரென்று துப்புகின்றன. இரண்டு சீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் பெர்சிஸ். எழுத்தின் மேல் எழுத்து உட்கார்ந்தால் சரி. ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. விருதுநகரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில், காலையிலேயே இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் ஏதோ தையல் மிஷின் ஓடுகிறது என்றுதான் நினைத்தார்களாம்.

இடது பக்கத்தில் இருப்பது விண்டோஸ் 98 ஓடும் கிழட்டு மிஷின். மூடி கழன்றுபோய், உள்ளே இருக்கும் காற்றாடி தெரியும். மழைக்காலத்தில் அதை எழுப்ப இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வலது பக்கத்தில் இருப்பது எக்ஸ்பி போட்ட புதியது. "கிழட்டு மிஷினை எடைக்குப் போட்டுட்டு மேசையைக் கொஞ்சம் சுத்தமா வச்சா என்ன?" என்று அவளுடைய அப்பா சுந்தர்ராஜ் வாத்தியார் வாரம் ஒருமுறை கேட்பார். "எதுக்கும் இருக்கட்டும்ப்பா" என்பாள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பழைய பிளாப்பி டிஸ்குகள், பழைய பிரிண்டர் ரிப்பன்கள், போன வருஷத்து வயர், எதற்கென்று தெரியாத ஒரு பிளக், எல்லாம் காலியான மத்தாப்புப் பெட்டிகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் அவள் பெயரே 'எதுக்கும் இருக்கட்டும் அக்கா' தான். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியும்.

அவள் கவனித்துக்கொள்வது மருந்துச் சீட்டு அடிக்கும் புரோகிராம். கம்பி மத்தாப்புக்கு ஒரு தொட்டி மருந்து கலக்க வேண்டுமென்றால் எந்தத் தூள் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு, அது ஒரு துண்டுச் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டைப் பார்த்து ஸ்டோர்க்காரர் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார். போர்மேன் அதைப் பிரித்துக் கலப்பார். இதை எழுதியது பெரியப்பா மகன் பெனிட்டோ. எழுதி நாலைந்து கம்பெனிகளில் போட்டுவிட்டு, "நீ சும்மா பாத்துக்கிட்டா போதும், அதுபாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். அதுபாட்டுக்கு ஓடும் எதையும் பெர்சிஸ் நம்புகிறவள் இல்லை.

புரோகிராம் என்பது ஒரே ஆள் செய்கிற காரியம் அல்ல என்று அவள் அப்பாவுக்கு விளக்கியிருக்கிறாள். கல்யாணச் சமையலில் அரிசி பெண்வீட்டுடையது, சமைக்கிற கை தவசுப்பிள்ளையுடையது, ஆனால் அண்டாவும் கரண்டியும் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வருகின்றன அல்லவா, அதுபோல. கணக்கு பெனிட்டோ எழுதியது. எண்ணைப் பார்த்துச் சீட்டாக அச்சடிக்கிற வேலையைச் செய்வது வேறு யாரோ, எந்த ஊரிலோ எழுதி வைத்த குட்டிப் புரோகிராம், லைப்ரரி என்பார்கள். அந்த யாரோ ஒருநாள், இனிமேல் பழைய அண்டா கிடையாது, புதியதுதான் என்று சொல்லிவிடுவார். அண்டா மாறினால் உப்புக் கணக்கு மாறும். மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்றாள். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ சமைக்கல. கரண்டியக் காவல் காக்குற" என்றார். அவர் கேலியாகச் சொன்னதை அவள் மெய்யாகவே ஒப்புக்கொண்டாள்.

காவலுக்கு ஒரு காரணமும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் தன்னுடைய புரோகிராமுக்காக ஒரு புது லைப்ரரியை ஏற்றினாள். இவளுடையது ஜோராக ஓடியது. அதே மிஷினில் இருந்த, வேறு ஒருத்தர் போட்ட சம்பளப் புரோகிராம், பழைய லைப்ரரியை நம்பி இருந்த பாவத்துக்குச் செத்து விழுந்தது. "ஒன் வீட்டுக்கு வெள்ளையடிக்கேன்னு வந்து எங்க வீட்டு ஓட்டப் பிரிச்சிட்டுப் போயிட்டியே தாயி" என்று கடைக்காரம்மா அமைதியாகத்தான் சொன்னார். பெர்சிஸுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் புதியதை வைத்தாலும் பக்கத்திலேயே பழையதும் இருக்கும்.

பயம் அவளுக்குத் தாய்வழிச் சொத்து. அம்மா கனகமணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருஷம் தீக்காய வார்டு. தீபாவளி சீசன் நாட்களில் அம்மா வீட்டுக்குள் வந்து, யாரிடமும் பேசாமல் குளியலறைக்குப் போய், தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால், அன்றைக்குப் பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். எந்த ஊர், எத்தனை பேர் என்பது மறுநாள் செய்தித்தாளில்தான் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்த பெண் மருந்துச் சீட்டு அடிக்கும் புரோகிராமைக் கையில் எடுத்தால் அவளுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? சாயங்கால ஜெபத்தில் எல்லோரும் சொந்தக்காரர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டிக்கொள்ள, இவள் கம்பெனிகளின் பெயரை வரிசையாகச் சொல்வாள். தேவனுக்கே அந்த வரிசை மனப்பாடம் ஆகியிருக்கும் என்பார் அப்பா.

ஸ்கூட்டியை முப்பதுக்கு மேல் ஓட்டமாட்டாள். வெள்ளரிக்காய் வண்டிக்காரர்கூட அவளை முந்திக்கொண்டு போவார். எந்த வேலையையும் 'முடிஞ்சிருச்சு' என்று சொல்லமாட்டாள், 'ஓடுது' என்பாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்கு, "இப்போதைக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல" என்றாளாம். அவர்கள் அப்புறம் வரவில்லை. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

இந்த வருஷம், 2006இல், கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பழைய மிஷினைக் கழித்துவிட்டு எக்ஸ்பி வாங்க ஆரம்பித்தன. பழைய லைப்ரரி எக்ஸ்பியில் ஏறவில்லை. சண்டித்தனம் பண்ணியது. வேறு வழியில்லாமல் புது லைப்ரரியை எடுத்துப் போட்டாள். ஆடி மாதம் முழுக்க இரண்டு மிஷின்களிலும் சீட்டு அடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் எழுத்தின் மேல் எழுத்தாக உட்கார்ந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. போரிக் பவுடர் வரியில் பழைய சீட்டு இரண்டு கிலோ என்றது. புதிய சீட்டு ஒன்றரை என்றது.

போரிக் பவுடர் என்றால் கேரம் போர்டில் தூவுவார்களே, அதேதான். மத்தாப்பு மருந்தை ஈரமாகக் கலந்து வைக்கும்போது அது தானாகச் சூடாகிவிடாமல் இந்தத் தூள்தான் அடக்கி வைக்கும். பெர்சிஸ் பெனிட்டோ எழுதியதைப் பிரித்துப் பார்த்தாள். அவன் கணக்கு ஒன்றரை என்றுதான் சொல்கிறது. பழைய லைப்ரரிக்குத்தான் பாதி என்றால் ஆகாது. ஒன்றரையைக் கண்டால் முழுசாக்கி இரண்டு என்று அடித்துவிடும். மற்ற தூள்கள் எல்லாம் முழுக் கிலோவில் வருவதால் இத்தனை வருஷமும் அது யார் கண்ணிலும் படவில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டாள்.

"அது பக் பெர்சிஸ், பழைய லைப்ரரியில இருந்த தப்பு. புதுசுல சரியாயிருச்சு, நல்லதுதான?" என்றான் பெனிட்டோ.

"எதுக்கும் பழைய மாதிரியே ரெண்டுன்னு அடிக்க வச்சிரவா?"

"தப்பப் போயி எவனாவது பத்திரப்படுத்துவானா? தூங்கு போ."

அப்படியும் தூங்காமல் ஆனைக்குட்டத்துக் கம்பெனி மேனேஜரிடம் கேட்டாள். அவர் பார்முலாவைப் பார்த்துவிட்டு ஒன்றரைதான் சரி என்றார். அச்சங்குளத்துக் கம்பெனி மேனேஜரிடம் கேட்டாள். அவரும் ஒன்றரைதான் என்றார். கேட்க வேண்டிய எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது என்று நினைத்தாள். ஆவணியில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போட்டு ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஆனைக்குட்டத்திலும் அச்சங்குளத்திலும் புதியதை ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

புதியது எதை ஏற்றினாலும் அதை வைத்து நடக்கும் முதல் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. திங்கட்கிழமை இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. ஆனைக்குட்டம் வழியில் இருந்ததால் அங்கே போனாள். வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்து கலப்பது வழக்கம் என்பதால், அவள் போய்ச் சேரும்போது ஆபீசில் பையன் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டான். ஸ்டோர் வாசலில் போய் நின்றாள்.

ஸ்டோர்க்காரர் நல்லசிவம் ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெற்றிலை இருக்கும், அதை உள்ளே போடமாட்டார், வெளியே போனால்தான். "வாங்க தாயி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே தராசில் ஒன்றரைக் கிலோ போரிக் பவுடரை நிறுத்தார். முள் நேராக நின்றது. பெர்சிஸ் மூச்சு விட்டாள். அவள் விட்ட மூச்சு முடிவதற்குள் அவர் பக்கத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, நிறுத்த தூளிலிருந்து இரண்டு சிரட்டை அள்ளி, மூட்டைக்குள் திருப்பிப் போட்டுவிட்டுப் பொட்டலத்தைக் கட்டினார்.

"அண்ணாச்சி, இப்ப எதுக்கு அள்ளுனீக?"

"அரைக்கிலோ கழிக்கணும்லா. கம்ப்யூட்டர் எப்பவும் போரிக்க அரைக்கிலோ கூடத்தான சொல்லும்."

"யாரு சொன்னா?"

"எனக்கு முந்தி இங்கன ஸ்டோர்ல இருந்த பெத்தணன் மாமா. கம்ப்யூட்டர் வந்த புதுசுல மத்தாப்பு மந்தமா எரியுதுன்னு போர்மேன் சத்தம் போட்டாரு. மாமாதான் கண்டுபிடிச்சாக. ரெண்டுன்னு சீட்டு வந்தா ஒண்ணரை குடுக்கணும். அம்புட்டுத்தான். இங்கன ஸ்டோர்ல இருக்குற ஆளுக எல்லாம் எங்க சொந்தக்காரவுகதான, எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துட்டுத்தான் மாமா செத்தாக."

"இன்னைக்கு ரெண்டுன்னு வரலையே. ஒண்ணரைன்னுதான வந்துருக்கு?"

"ஆமா, பாத்தேன். புது மிசினுல்ல, சிக்கனமாக் கணக்குப் போடுதோன்னு நெனச்சேன்." நல்லசிவம் சிரித்தார். "அதுக்காகக் கழிக்காம விட முடியுமா?"

இத்தனை வருஷமும் லைப்ரரி தப்பாகக் கூட்டியது. ஸ்டோர்க்காரர்கள் சத்தமில்லாமல் கழித்தார்கள். தொட்டிக்குள் சரியான அளவு போய்க்கொண்டிருந்தது. இவள் போய்க் கூட்டுகிறதை நிறுத்திவிட்டாள். கழிக்கிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒன்றரை போக வேண்டிய இடத்தில் ஒன்று போகும்.

பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கீழே வைத்தாள். அவருக்கு முதலிலிருந்து சொன்னாள். அவர் கெட்டிக்காரர், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "புரிஞ்சு போச்சு தாயி. இனிமே சீட்டுல என்ன இருக்கோ அம்புட்டத் தூக்கிக் குடுத்துர வேண்டியது. கழிக்கிற சோலியே கெடையாது" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஒன்றரைக் கிலோவை நிறுத்தார். "நல்லவேளை வந்தீக" என்று சொல்லிக்கொண்டே சிரட்டையை எடுத்து இரண்டு சிரட்டை அள்ளினார்.

பெர்சிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நல்லசிவம் தன் கையையே அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பட்டாசுக் கம்பெனியில் நின்றுகொண்டு அந்தப் பழமொழியை நினைக்கவே கூடாது, ஆனால் அதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வாயால் சரி என்கிற மனுஷனுடைய கை, அவள் பக்கத்தில் நிற்கும்போதே கழிக்கிறது. பக்கத்தில் யாரும் நிற்காத அச்சங்குளத்தில் என்ன நடந்துகொண்டிருக்கும்?

"அச்சங்குளத்துல ஸ்டோர்ல யாரு அண்ணாச்சி?"

"வேலுத்தாய். எங்க அக்கா மக." அவர் குரல் இறங்கியது. "நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

ஆபீசுக்கு ஓடிப் போன் போட்டாள். அச்சங்குளத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே போன் இருப்பது மேனேஜர் அறையில். அவர் வெயில் ஏறிய பிறகுதான் வருவார், அறை பூட்டிக் கிடக்கும். செல்போன் எந்தத் தொழிலாளியிடமும் இருக்காது. மருந்து இருக்கும் இடத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. ஆனைக்குட்டத்துப் போர்மேனிடம் நான் போன் பண்ணும்வரைக்கும் ஒரு தொட்டியும் கலக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

முப்பது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணில் புழுதி அடித்தது. லாரிகளை முந்தினாள். பேருந்தை முந்தினாள். அந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லோரும் செய்வதைப்போல அவளும் ரோட்டை ஒரு கண்ணாலும் வானத்தை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளைப் புகை எழும்பினால் எட்டு ஊருக்குத் தெரியும். புகை இல்லை. சாத்தூர் ரோட்டில் திரும்பும்போது பட்டென்று ஒரு வெடிச் சத்தம். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டாள். ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "குவாரியில வெடி வைக்கான்" என்றாள். அந்த முகம் தெரியாத பெண்ணின் காலில் விழுந்திருப்பாள், நேரம் இருந்திருந்தால். பெர்சிஸ் அழுதுகொண்டேதான் வண்டியை மறுபடி எடுத்தாள். கடவுளே, அம்மா இன்றைக்குக் காலை வேலையில் இருக்கிறாள் என்ற நினைப்பு வேறு.

அச்சங்குளத்துக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் சங்கையா குறுக்கே நின்றார். "செல்லக் குடுத்துட்டுப் போங்க. வண்டி உள்ள போகாது." செல்லை அவர் கையில் திணித்தாள். ஓடக் கூடாது என்பது அங்கே சட்டம். கரிசல் தரையில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகளுக்கு நடுவே, ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள். போர்மேன் முத்துப்பாண்டி கலவை அறை வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே தொட்டியில் மருந்து கலந்து ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. சட்டத்தில் கம்பி அடுக்கிக்கொண்டு மாரித்தாயும் பானுப்பிரியாவும் இன்னும் இரண்டு பெண்களும் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போரிக் கம்மியாப் போயிருக்கு" என்றாள் பெர்சிஸ். மூச்சு வாங்கியதில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

முத்துப்பாண்டி ஏன், எப்படி என்று கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். சாக்கின் மேல் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"தாயி, எல்லாரும் கம்பியப் போட்டுட்டு வெளிய வாங்க. ஓடாதீக. நடந்து வாங்க."

பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மதில் பக்கம் போனார்கள். முத்துப்பாண்டியும் தண்ணீர் சுமக்கும் இரண்டு ஆட்களும் வாசலில் இருந்த டிரம்களைச் சாய்த்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் குழிக்குள் இறங்கியது. பெர்சிஸ் மதில் பக்கம் போகாமல் பாதி வழியில் நின்றாள். போ என்றும் அவளுக்குத் தோன்றியது, போகாதே என்றும் தோன்றியது. வெகுநேரம் கழித்து முத்துப்பாண்டி வெளியே வந்து, சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். பானுப்பிரியா ஏதோ சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். மாரித்தாய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மேனேஜர் வந்து சேரும்போது எல்லோரும் ஸ்டோர் வாசலில் நின்றார்கள். அவர் சீட்டைப் பார்த்தார். சீட்டில் ஒன்றரை என்று சரியாகத்தான் இருந்தது. வேலுத்தாயைப் பார்த்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு. சிரட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சீட்டு சரியா இருக்கு. ஒன்ன யாரு கழிக்கச் சொன்னா?"

வேலுத்தாய் வாயைத் திறந்தாள்.

"நான் சொல்லாம மாத்திட்டேன் சார்" என்றாள் பெர்சிஸ். "இத்தன வருஷமும் எங்க சீட்டு தப்பா வந்துச்சு. இவங்கதான் கழிச்சுக் கழிச்சுச் சரி பண்ணிட்டு இருந்தாங்க. நான் சீட்டச் சரி பண்ணுனேன், இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"ஆனா சீட்டு சரிதான?"

"சரி பண்ணுனதுதான் சார் தப்பாப் போச்சு."

மேனேஜருக்கு இது பிடிபடவில்லை. அவருக்கு வேறு கவலை. வாரக் கடைசிக்குள் மத்தாப்பு லோடு ஏற வேண்டும், ஆர்டர் வடக்கே போவது, சீசன் யாருக்காகவும் நிற்காது. மறுபடி கலக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து புதிய சீட்டுகள் ஒரு கத்தையாக வந்தன. எல்லாவற்றிலும் போரிக் வரியில் அழகாக, தெளிவாக, 1.5 என்று இருந்தது.

"நான் இனிமே கழிக்க மாட்டேன்க்கா" என்றாள் வேலுத்தாய். "சத்தியமா. நெனப்பு வச்சுக்கிறேன்." சொல்லும்போதும் சிரட்டை அவள் கையிலேயே இருந்தது. பெர்சிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். காலையில் பிடித்த நல்லசிவத்தின் மணிக்கட்டு அவள் விரல்களில் இன்னும் இருந்தது.

"புரோகிராம நான் பழையபடி மாத்திடறேன்" என்றாள். "அதுவரைக்கும் நீ ஒண்ணும் நெனப்பு வைக்க வேணாம். எப்பவும் என்ன செய்வியோ அதையே செய்."

பேனாவை எடுத்தாள். சரியாக இருந்த ஒன்றரையின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 2 என்று பெரிதாக எழுதி, கீழே தன் பெயரைக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். வேலுத்தாய் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். இரண்டு கிலோவை நிறுத்தாள். சிரட்டையால் இரண்டு தரம் அள்ளி மூட்டைக்குள் திருப்பிப் போட்டாள். மிச்சம் ஒன்றரை இருந்தது. பொட்டலத்தைக் கட்டி முத்துப்பாண்டியிடம் கொடுத்தாள்.

பெர்சிஸ் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, கத்தையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சீட்டை எடுத்து அதிலும் ஒன்றரையை அடித்து 2 என்று எழுதினாள்.